திராட்சைத் தோலில் மிளகு வாசம்

ஒரு மிளகை நசுக்கிப் பாருங்கள். இரண்டு காரியங்கள் தனித்தனியாக நடக்கும். மூக்கில் சுள்ளென்று ஒரு வாசம் ஏறும்; நாக்கில் வைத்தால் உறைக்கும். உறைப்பைத் தருவது பைப்பரின் என்ற பொருள். அது எளிதில் ஆவியாகிக் காற்றில் எழாது, அதனால் மூக்குக்கு அது இருப்பதே தெரியாது. வாசத்தைத் தருபவை வேறு மூலக்கூறுகள். பைனீன், லிமோனீன், சபினீன், லினலூல் என்று அவற்றுக்கு ஒரு நீண்ட பட்டியலை வேதியியலாளர்கள் வெகுகாலமாக வைத்திருந்தார்கள். மிளகு அளவுக்கு அலசி ஆராயப்பட்ட நறுமணப் பொருள்கள் குறைவு. அப்படியிருந்தும், மிளகின் வாசத்தில் மிக வலிமையான மூலக்கூறு எது என்பது 2008ஆம் ஆண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் மிளகை ஆராயக் கிளம்பியவர்களும் அல்லர். ஆஸ்திரேலியாவில் ஒரு சிவப்பு ஒயினை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

அந்த ஒயினுக்கு ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் என்று பெயர். பிறந்த மண்ணான பிரான்சில் சிரா. இரண்டும் ஒரே திராட்சைதான். நல்ல சிரா ஒயினை ஒரு கோப்பையில் ஊற்றிச் சுழற்றினால் முதலில் கருநிறப் பழங்களின் மணம் வரும், அதன் பின்னால் சற்றே புகை, பதனிட்ட தோல், சில சமயம் ஊதாப்பூ. இவற்றுக்கெல்லாம் மேலாக, அப்போதுதான் பொடித்த மிளகின் வாசம் தெளிவாக எழும். யாரும் அதில் மிளகு போடவில்லை. திராட்சையும் ஈஸ்ட்டும் மரப் பீப்பாயும் தவிர வேறொன்றும் அதற்குள் போகவில்லை. இந்த மிளகு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை தேடிய கதை, நான் படித்த உணவு வேதியியல் கதைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

முதலில் பழத்தைப் பார்த்துவிடலாம். கடையில் நாம் வாங்கும் கம்பத்துப் பன்னீர் திராட்சை தின்பதற்கென்றே வளர்ப்பது. சதை மிகுதி, சாறு மிகுதி. சிரா அப்படியில்லை. பழம் சிறியது, சற்று நீள்வட்டம், கருநீலம், மேலே சாம்பல் பூத்த மெழுகுப் படலம். உள்ளே விதைகள். பழுத்து முடியும் தறுவாயில் நீரை இழந்து லேசாகச் சுருங்கும் குணமும் இதற்கு உண்டு. சிறிய பழம் என்றால் சாற்றோடு ஒப்பிடத் தோலின் பங்கு கூடுதல். இதுதான் விஷயத்தின் மையம், ஏனென்றால் சிவப்பு ஒயினின் பெரும்பாலான குணங்கள் தோலில்தான் இருக்கின்றன. சாறு ஏறத்தாழ நிறமற்றது. தோலோடு சேர்த்துச் சாற்றை நொதிக்க விடும்போதுதான் ஆந்தோசயனின் என்ற நிறமிகளும், துவர்ப்பைத் தரும் டானின்களும் கரைந்து இறங்குகின்றன.

ஒயின்காரர்கள் சிராவைக் கனமான ஒயின் என்கிறார்கள். இந்தக் கனத்தைத் தராசில் நிறுக்க முடியாது, வாயில்தான் உணர முடியும். பழச் சர்க்கரையில் லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராமை ஈஸ்ட் தின்று முடித்தால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 14 சதவீதம் வேண்டுமென்றால் சாற்றில் லிட்டருக்கு 240 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்க வேண்டும். அவ்வளவும் ஆல்கஹாலாக மாறிவிடுவதால், கிறிஸ்துமஸுக்கு வீடுகளில் போடும் ஒயினின் தித்திப்பு இதில் இராது. ஆல்கஹால், நொதித்தலில் உண்டாகும் கிளிசரால், தோலிலிருந்து வந்த டானின், கரைந்த மற்ற பொருள்கள் எல்லாம் சேர்ந்து, குடிப்பது தண்ணீரைவிடத் திண்மையான ஒன்று என்ற உணர்வை நாக்குக்குத் தருகின்றன.

சிராவின் பழைய வீடு வடக்கு ரோன் பள்ளத்தாக்கு. தைன் என்ற சிற்றூருக்கு மேலே, ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், தெற்கு வெயிலைப் பார்த்தபடி எர்மிதாஜ் என்ற குன்று நிற்கிறது. கருங்கல் மண். மொத்தத் தோட்டமும் சுமார் 136 ஹெக்டேர்தான். சரிவு செங்குத்தாக இருப்பதால் பல இடங்களில் இயந்திரம் ஏறாது. கொடிகளைக் கழிகளில் கட்டிக் கையால் பறிக்கிறார்கள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பொர்தோ வணிகர்கள், தங்கள் ஒயின் மெலிந்துபோன ஆண்டுகளில் எர்மிதாஜ் ஒயினைக் கொண்டுவந்து கலந்து கனம் கூட்டினார்கள். அன்று அது கலப்படமாகப் பார்க்கப்படவில்லை, மதிப்பாகவே கருதப்பட்டது. வடக்கே சற்றுத் தள்ளி கோத் ரோத்தி, தெற்கே கொர்னாஸ். கொர்னாஸில் சிராவைத் தவிர வேறு திராட்சை சேரக் கூடாது என்பது சட்டம். கோத் ரோத்தியில் வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையைச் சிறிது சேர்த்தே நொதிக்க விடலாம். வெள்ளைப் பழம் சேர்ந்தால் நிறம் வெளுக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் வெள்ளைப் பழத்தின் நிறமற்ற பீனால்கள் சிவப்பு நிறமிகளோடு அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு நிறத்தை நிலைக்க வைக்கின்றன.

இந்தத் திராட்சை எங்கிருந்து வந்தது என்பதற்கு அழகான கதைகள் இருந்தன. பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்று ஒரு கதை. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய காஸ்பார் த ஸ்தெரிம்பேர்க் என்ற வீரர் எர்மிதாஜ் குன்றின் உச்சியில் துறவியாக அமர்ந்து கொடி நட்டார் என்று இன்னொன்று. குன்றின் மேலே இன்றும் ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது. மரபணு இந்தக் கதைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரடித் குழுவும், மோன்பெல்லியேயைச் சேர்ந்த பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து 1998இல் சிராவின் பெற்றோரைக் கண்டறிந்தார்கள். திராட்சையின் டிஎன்ஏவில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. எத்தனை முறை திரும்புகிறது என்பது வகைக்கு வகை மாறும், ஒவ்வோர் இடத்திலும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் வந்தாக வேண்டும். அந்தக் கணக்குப் பொருந்திய இரண்டு வகைகள்: அர்தேஷ் பகுதியின் டுரேசா என்ற கருந்திராட்சை, சவோய் பகுதியின் மோந்தூஸ் பிளான்ஷ் என்ற வெள்ளைத் திராட்சை. இரண்டுமே ரோன் பள்ளத்தாக்கின் அக்கம்பக்கத்து வகைகள், இரண்டையும் இன்று பிரான்சிலேயே மிகச் சிலர்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். ஏதோ ஒரு தோட்டத்தில் மகரந்தம் காற்றில் பறந்து ஒரே ஒரு விதை முளைத்திருக்கிறது. உலகில் இன்றுள்ள சிராக் கொடிகள் அனைத்தும் அந்த ஒரு செடியின் போத்துகள்.

இனி மிளகுக்கு வருவோம். அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தில், ஷிராஸின் மிளகு வாசத்துக்குக் காரணமான மூலக்கூறைத் தேடத் தொடங்கினார்கள். மணங்களைப் பிரித்தெடுக்க வாயு வண்ணப்பிரிகைக் கருவி என்று ஒன்று உண்டு. ஒயினிலிருந்து எடுத்த சாரத்தைச் சூடாக்கி, முடி அளவு மெல்லிய, பல மீட்டர் நீளமுள்ள குழாய் வழியாக அனுப்புவார்கள். லேசான மூலக்கூறுகள் முதலில் வெளியே வரும், கனமானவை பின்னால் வரும். குழாயின் முனையை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையை அளக்கும் கருவிக்கும் இன்னொரு கிளையை மனித மூக்குக்கும் கொடுப்பார்கள். ஆய்வாளர் அந்தக் கண்ணாடிப் புனலில் மூக்கை வைத்து உட்கார்ந்து, இப்போது ஆப்பிள், இப்போது ரோஜா, இப்போது வெண்ணெய் என்று நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு மனிதரின் மூக்கையே அளவுகோலாக வைக்கும் இந்த முறை நவீன ஆய்வகத்தில் பழமையாகத் தோன்றலாம். ஆனால் எந்த எந்திரமும் எட்டாத நுண்மை மூக்குக்கு உண்டு என்பதை இந்தக் கதையே காட்டும்.

தேடல் எளிதில் முடியவில்லை. மிளகு வாசம் தூக்கலாக உள்ள ஷிராஸ் திராட்சைகளில் ஆல்ஃபா-யிலாஞ்சீன் என்ற பொருள் கூடுதலாக இருப்பதை 2007இல் வெளியிட்டார்கள். அது கூடவே வரும் துணைதான். அதை மட்டும் எடுத்து முகர்ந்தால் மிளகு மணக்கவில்லை. பிறகு மிளகையே எடுத்துக்கொண்டார்கள். ஒயினில் இருக்கும் மிளகு வாசமும் மிளகில் இருக்கும் மிளகு வாசமும் ஒன்றாகவே இருந்தால் என்ன? மிளகின் சாரத்தைக் குழாய் வழியே அனுப்பினால் எல்லாரும் அறிந்த பைனீன், லிமோனீன் எல்லாம் முன்னாலேயே வந்துவிடும். அவை வந்து வெகுநேரம் கழித்து, வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக ஒன்று வெளியேறியது. எந்திரத்தின் ஊசி அசையவில்லை, மூக்கில் மட்டும் மிளகு வாசம் ஏறியது. இவ்வளவு தாமதமாக, இவ்வளவு சிறிய அளவில் வந்ததால்தான் முந்தைய ஆய்வுகள் அதைத் தவறவிட்டிருந்தன. கிளாடியா வுட், டிரேசி சீபர்ட் உள்ளிட்ட குழு 2008இல் அதன் பெயரை வெளியிட்டது: ரொட்டண்டோன்.

15 கார்பன் அணு, 22 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். செஸ்குவிடெர்பீன் என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கீட்டோன். புதிய பொருளும் அல்ல. 1967இலேயே புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சுக்தேவும் அவருடைய சகாக்களும் இதைப் பிரித்தெடுத்து அமைப்பை எழுதிவைத்திருந்தார்கள். எதிலிருந்து தெரியுமா? நம் வயல்களில் களையாக மண்டும் கோரையின் கிழங்கிலிருந்து. கோரையின் தாவரவியல் பெயரான சைபரஸ் ரொட்டண்டஸ் என்பதிலிருந்தே மூலக்கூறுக்கும் பெயர் வந்தது.

உலகத்திலேயே மோசமான களை என்று வேளாண் அறிஞர்கள் பெயர் கொடுத்த செடி அது. எத்தனை முறை பிடுங்கினாலும் மண்ணுக்குள் ஒரு கிழங்கு தங்கிவிடும், அடுத்த மழைக்கு முளைத்துவிடும். ஆனால் அதே கிழங்கைக் காயவைத்து நாட்டு மருந்துக் கடையில் விற்கிறோம். பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேரோடு குளியல் பொடியில் சேர்த்து அரைக்கிறோம். காய்ந்த கோரைக்கிழங்கை உடைத்து முகர்ந்தவர்களுக்குத் தெரியும், மரவாசமும் மண்வாசமும் கலந்த அந்த மணத்தின் ஓரத்தில் ஒரு காரமான நெடி உண்டு. ரோன் கரையின் விலையுயர்ந்த ஒயினில் இருப்பதும் நம் வீட்டுக் குளியல் பொடியில் இருப்பதும் அணுவுக்கு அணு ஒரே பொருள். ஓரிகானோ, மார்ஜோரம், ரோஸ்மேரி, துளசிக் குடும்பத்து பேசில், தைம் ஆகிய மூலிகைகளிலும் இது சிறிதளவு இருக்கிறது. மிளகில்தான் மிகுதி. மிளகு வாசம் தூக்கலான ஒயினில் இருப்பதைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு.

இதன் வலிமையைச் சொல்லும் எண்ணைப் பார்த்தால் வியப்பு அடங்காது. சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். தண்ணீரில் 8 நானோகிராம் போதும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 25 லட்சம் லிட்டர் நீர் பிடிக்கும். அந்தக் குளம் முழுவதும் சிவப்பு ஒயின் என்று வைத்துக்கொண்டால், அதை மிளகு மணக்க வைக்க 40 மில்லிகிராம் ரொட்டண்டோன் போதும். இரண்டு அரிசி மணிகளின் எடை.

இந்த ஆய்வின் இன்னொரு முடிவு எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு. முகர்ந்து பார்க்க அமர்த்தியவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு இந்த மணம் துல்லியமாகத் தெரிந்தது. மீதி 20 சதவீதம் பேருக்குத் தெரியவே இல்லை. அளவை லிட்டருக்கு 4,000 நானோகிராம் வரை, அதுவும் வெறும் தண்ணீரில், ஏற்றிப் பார்த்தும் தெரியவில்லை. மற்ற மணங்களை நன்றாக அறியும் மூக்குகள்தான் அவை. இந்த ஒரு மணத்துக்கு மட்டும் திறக்கவில்லை. ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை ஒரே மேசையில் ஐந்து பேர் குடித்தால், அவர்களில் ஒருவருக்கு அது வேறு ஒயின். மிளகு வாசம் பிரமாதம் என்று ஒருவர் சொல்வதும் அப்படி ஒன்றும் இல்லையே என்று இன்னொருவர் சொல்வதும் ரசனைச் சண்டை ஆகாது. இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். மிளகு ரசத்துக்கும் இது பொருந்தும் என்பதை நினைத்துப் பாருங்கள். பைப்பரினின் உறைப்பு எல்லாருக்கும் தெரியும், ஆனால் நம்மில் சிலர் மிளகு வாசத்தின் மிக வலிய பாகத்தை வாழ்நாளில் ஒருமுறைகூட முகராமலேயே மிளகைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கொடி இதை எப்படிச் செய்கிறது? பழத்தோலில் முதலில் ஆல்ஃபா-குவையீன் என்ற பொருள் உண்டாகிறது. அதோடு ஓர் ஆக்சிஜன் சேர்ந்தால் ரொட்டண்டோன். ஆல்ஃபா-குவையீனைக் காற்றுப்பட வைத்தாலே இந்த மாற்றம் மெல்ல நடக்கும் என்று ஆஸ்திரேலியர்கள் காட்டினார்கள். கொடிக்குள் இந்த வேலையைச் செய்யும் நொதி ஒன்றை 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். எல்லாம் தோலில்தான் நடக்கிறது. சதையிலும் விதையிலும் இது கிட்டத்தட்ட இல்லை. அதுவும் பழம் நிறம் மாறிய பிறகு, அறுவடைக்கு முந்தைய கடைசி வாரங்களில்தான் சேர்கிறது. அந்த வாரங்களின் தட்பவெப்பம்தான் மிளகைத் தீர்மானிக்கிறது. குலையின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டும் மணி நேரங்கள் கூடக் கூட ரொட்டண்டோன் குறைகிறது. நிழல்பட்ட பழத்தில் கூடுதல், வெயில்பட்ட பழத்தில் குறைவு. ஒரே குலையிலும் இந்த வேறுபாடு உண்டு. பிரான்சின் தென்மேற்கில் டுராஸ் என்ற வேறொரு மிளகுத் திராட்சையில் செய்த சோதனையில், குலையைச் சுற்றி இலைகளைக் கிள்ளி எறிந்தால் மிளகு குறைந்தது, நீர் பாய்ச்சினால் கூடியது. ஆஸ்திரியாவின் குரூனர் வெல்ட்லினர் வெள்ளைத் திராட்சை. அதிலும் இதே மூலக்கூறு இருக்கிறது, அந்த ஒயினின் மிளகுச் சாயலை அங்குள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்திருக்கிறார்கள்.

ஒரே திராட்சை இரண்டு நாடுகளில் இரண்டு ஆளுமையாக வளர்ந்ததற்கும் இதில் பாதி விளக்கம் இருக்கிறது. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1831இல் ஸ்பெயினிலும் பிரான்சிலும் சுற்றி நூற்றுக்கணக்கான கொடிப் போத்துகளைச் சேகரித்தார். 1832இல் அவை சிட்னி தாவரவியல் தோட்டத்துக்குச் சென்றன. அவற்றுள் சிராவும் இருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் 1843இலும் 1847இலும் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. ஐரோப்பாவின் தோட்டங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழித்த ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி அங்கே இன்றுவரை நுழையவில்லை. அதனால் ஐரோப்பாவில் அமெரிக்க வேர்மேல் ஒட்டுக்கட்டியே வளர்க்க வேண்டிய கொடி, பரோசாவில் சொந்த வேரில் நிற்கிறது. ஆனால் பரோசா வெப்பமான இடம். அங்கே ஷிராஸ் முற்றிப் பழுத்து, கருப்பழ ஜாம், சாக்லேட் என்று மணக்கும், ஆல்கஹால் 14.5, 15 சதவீதம் வரை போகும், மிளகு பின்வாங்கிவிடும். மிளகு வேண்டுமென்றால் விக்டோரியா மாநிலத்தின் கிராம்பியன்ஸ், நியூசிலாந்தின் ஹாக்ஸ் பே என்று குளிர்ந்த இடங்களுக்குப் போக வேண்டும், அல்லது வடக்கு ரோனுக்கே திரும்ப வேண்டும். இந்தியாவில் நாசிக்கிலும் கர்நாடகத்தின் நந்தி மலையடிவாரத்திலும் ஷிராஸ் விளைகிறது. அங்கே குளிர்காலத்தில் பழுக்கவிட்டு, கோடை உச்சத்தைத் தொடுமுன் அறுத்துவிடுகிறார்கள்.

இதை எதனோடு சாப்பிடுவது என்ற கேள்விக்கும் வேதியியல் பதில் வைத்திருக்கிறது. நம் எச்சிலில் புரோலின் மிகுந்த புரதங்கள் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கின்றன. டானின் அந்தப் புரதங்களைப் பிடித்துக் கட்டியாக்கிவிடும். வழுவழுப்பு போய் வாய் வறண்டு இழுக்கும். வாழைப்பூவிலும் பச்சை நெல்லிக்காயிலும் நாம் உணரும் அதே துவர்ப்பு. கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சியைக் கடித்துக்கொண்டு குடித்தால், டானினுக்குப் பிடித்துக்கொள்ள வேறு துணை கிடைத்துவிடுகிறது. துவர்ப்பு தணிகிறது, கொழுப்பின் பிசுக்கும் நாக்கிலிருந்து கழுவப்படுகிறது. உப்பு கசப்பை அமுக்கும். இதனால்தான் ரோன் பகுதியில் ஆட்டிறைச்சியும் வேட்டை இறைச்சியும், ஆஸ்திரேலியாவில் தணலில் வாட்டிய ஆட்டுக்காலும் இதற்கு இயல்பான துணையாயின. நாட்பட்ட கெட்டிச் சீஸும் இதே காரணத்தால் ஒத்துப்போகும்.

மீனோடு சிவப்பு ஒயின் சேராது என்பது வெறும் மேசை நாகரிகம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஜப்பானில் மெர்சியன் என்ற ஒயின் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2009இல் காரணத்தைப் பிடித்தார்கள்: இரும்பு. ஒயினில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவைத் தாண்டிக் கரைந்த இரும்பு இருந்தால், அது மீனின் கொழுப்பு அமிலங்களோடு வினைபுரிந்து வாயிலேயே கவுச்சி வாடையை உண்டாக்குகிறது. இரும்பைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்த்தவுடன் கவுச்சி அடங்கியது. சிவப்பு ஒயின்களில் இரும்பு பொதுவாகக் கூடுதல், அவ்வளவுதான்.

மிளகாய்க் காரத்தோடு சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேப்சைசின் நம் நரம்பில் தட்டி எழுப்புவது சூட்டை உணரும் ஓர் ஏற்பியை. சுமார் 42 டிகிரியில்தான் விழிக்க வேண்டிய அந்த ஏற்பியை ஆல்கஹால் 34 டிகிரியிலேயே விழிக்க வைத்துவிடுகிறது என்று 2002இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நம் உடல் வெப்பமே 37 டிகிரி. 15 சதவீத ஷிராஸும் ஆந்திரக் கோங்குராக் கறியும் சேர்ந்தால் வாயில் நெருப்பைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. மிளகின் கதை வேறு. பைப்பரினும் அதே ஏற்பியைத் தட்டினாலும் மென்மையாகவே தட்டுகிறது, மணமோ ஒயினில் இருக்கும் மணமேதான். ஆகவே மிளகாயைக் குறைத்து, நெய்யில் சுருள வதக்கி, கடைசியில் பொடித்த மிளகு தூவி இறக்கிய ஆட்டுக்கறி வறுவல், குளிர்ந்த இடத்துச் சிராவுக்கு ஆட்டுத்தொடை ரோஸ்டைவிடப் பொருத்தமான துணை என்பது என் கருத்து. வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கலாம் என்ற பழக்கம் ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளில் பிறந்தது; 16 முதல் 18 டிகிரிதான் உகந்தது. 32 டிகிரி அறையில் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். குளிர்பெட்டியில் சற்றுநேரம் வைத்து எடுத்தால் போதும்.

இதையெல்லாம் உடல்நலத்தின் பெயரால் சொல்லவில்லை. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு நெடுநாள் உலவியது. ஆல்கஹால் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருள்களில் ஒன்று என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொன்னது. குடிக்காதவர்களும் ரொட்டண்டோனை இழந்துவிடவில்லை. அது மிளகில் பத்தாயிரம் மடங்கு இருக்கிறது.

ஆனால் ஒயினில் அது எவ்வளவு காலம் இருக்கும் என்ற கவலை திராட்சை விவசாயிகளிடம் இப்போது உண்டு. பழுக்கும் வாரங்கள் சூடாகிக்கொண்டே வந்தால், மிளகு மணந்த குன்றுகள் ஜாம் மணக்கும் குன்றுகளாக மாறும். இலையைக் கிள்ளாமல் குலைக்கு நிழல் விடுவது, வெயில் குறைந்த சரிவைத் தேர்ந்தெடுப்பது, நீரைக் கணக்காகப் பாய்ச்சுவது என்று அவர்கள் கையில் சில வழிகள் இருக்கின்றன. கிராம்பியன்ஸில் மவுண்ட் லாங்கி கிரான் தோட்டத்தின் ஒரே வயலில் பல இடங்களிலிருந்து பழம் எடுத்து ரொட்டண்டோனை அளந்து வரைபடம் போட்டார்கள். ஒரே வயலுக்குள்ளேயே சரிவும் மண்ணும் மாறுவதற்கேற்ப அளவு பெரிதும் மாறியது. குளிர்ந்த ஆண்டில் மொத்த அளவு ஏறியது, சூடான ஆண்டில் இறங்கியது. ஆனால் வயலின் எந்தப் பகுதி கூடுதல், எந்தப் பகுதி குறைவு என்ற அமைப்பு ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறவில்லை. அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மிளகு கூடிய வரிசைகளைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் பறித்து, வெவ்வேறு தொட்டிகளில் நொதிக்க விட்டு, எந்த ஒயினில் எவ்வளவு மிளகு வேண்டும் என்று அறுவடை நாளன்றே முடிவு செய்யலாம்.